ஹெரால்டின் கூடும் காயலான் கடையும்

துருப்பிடித்த பழைய காரொன்றின் கூட்டைக் காட்டி, "இதைச் செப்பனிடத் தகுமா?" என்று கேட்டால் பட்டறைகளில் கிடைக்கும் விடை ஏறத்தாழ ஒன்றுதான். இஞ்சின் இருக்கிறதா, சேசிஸ் நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் இருந்தால் வண்டி இருக்கிறது. மேலே இருப்பது தகரம். தகரத்தை வெட்டலாம், ஒட்டலாம், தட்டலாம், பட்டி வைத்துப் பூசலாம். தகரத்துக்காக எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. தொழில் தெரிந்தவர்கள் சொல்லும் இந்த விடையில் பிழை காண நமக்குத் தகுதியில்லை. ஆனால் தமிழகத்தில் செய்யப்பட்டுத் தமிழகச் சாலைகளில் ஓடிய ஒரு காரைப் பொறுத்தவரை, வரலாற்றின் பக்கம் நின்று பார்க்கும்போது இந்த விடை தலைகீழாகிவிடுகிறது. அந்தக் காரில் இஞ்சின் போனால் போகட்டும் என்று விடலாம். தகரத்தை விட முடியாது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற அந்தக் காரைப் பற்றியதே இக்கட்டுரை.

இதை எழுத நேர்ந்ததற்கு ஒரு புயல் காரணம். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஏரியும் வயலும் சாலையும் ஒன்றாயின. அந்த ஊர்களில் ஒன்றில், நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் மாட்டுக் கொட்டகையில் பல்லாண்டுகளாக நின்றிருந்த நான்கு கதவு ஹெரால்டு ஒன்று இருக்கை மட்டம் வரை தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் இரும்பு எடுப்பவர் ஒருவர் வந்து எடைக்கு விலை பேசியிருக்கிறார். வீட்டுப் பெரியவருக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளுக்கு இடம் வேண்டும். தமிழ் படித்தவர்களுக்குப் பழையன எல்லாம் தெரியும் என்பது நம் பக்கத்தில் உள்ள ஒரு நம்பிக்கை. ஆகவே தீர்ப்புச் சொல்ல நம்மை அழைத்தார்கள். கல்வெட்டுக்கும் கார்ப்புரேட்டருக்கும் உள்ள தூரத்தை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

இரும்பு எடுக்கும் கடையைக் காயலான் கடை என்கிறோம். காயல்பட்டினத்தார் இவ்வணிகத்தில் முன்னோடிகளாக இருந்ததால் வந்த பெயர் என்பது வழக்கில் சொல்லப்படும் விளக்கம். வேறெந்தக் கடைக்கும் இல்லாத ஒரு குணம் அதற்கு உண்டு. அங்கே ஒரு பொருள் போய்ச் சேர்ந்த கணத்தில் அதன் பெயர் போய்விடுகிறது. எடை மட்டும் எஞ்சுகிறது. ஹெரால்டு, பிரஷர் குக்கர், ஜன்னல் கம்பி மூன்றும் அங்கே ஒரே இனம். பெயரை இழக்கும் முன் பெயருக்குரிய கதையைக் கேட்டுவிடலாம் என்பதே அன்று நாம் சொன்ன முதல் யோசனை.

கதை தொடங்கும் இடம் அந்தக் கொட்டகையிலிருந்து தொலைவில் இல்லை. பெருந்தெற்கு நெடுஞ்சாலையில், பழைய கணக்கில் தேசிய நெடுஞ்சாலை 45-இல், திண்டிவனத்திலிருந்து சென்னை நோக்கி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போனால் வண்டலூரை அடுத்துப் பெருங்களத்தூர். அங்கேதான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. சென்னையின் யூனியன் கம்பெனி மோட்டார்ஸும் இங்கிலாந்தில் கவென்ட்ரியைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து 1948-இல் உருவாக்கிய நிறுவனம் அது. முதலில் வேன்கார்டு என்ற பெரிய காரைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு ஸ்டாண்டர்டு எயிட், டென், பென்னன்ட் எனச் சிறு கார்கள் வந்தன. 1953-இல் இந்திய அரசு ஒரு முடிவெடுத்தது: இங்கேயே பாகங்களைப் படிப்படியாகச் செய்யும் திட்டம் உள்ளவர்களுக்கே இனி அனுமதி, வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இல்லை. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. அதன்பின் நெடுங்காலம் இந்தியர் வாங்கக்கூடிய கார் என்றால் மூன்று ஊர்களின் சரக்குதான். கல்கத்தா அருகே உத்தர்பாராவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு. இந்த மூன்றில் முதலிரண்டுக்கும் நினைவுக் கட்டுரைகள் எழுதிக் குவித்துவிட்டார்கள். மூன்றாவது நம்முடையது என்பதாலோ என்னவோ, நாமே அதை மறந்துவிட்டோம்.

ஹெரால்டு சென்னையில் உற்பத்தியானது 1961 முதல். அதன் இங்கிலாந்து மூலம் டிரையம்ப் ஹெரால்டு, 1959 ஏப்ரலில் வெளிவந்தது. அதன் பிறப்பில் ஒரு விபத்து இருக்கிறது, நம் கேள்விக்கு விடை அந்த விபத்தில்தான் மறைந்திருக்கிறது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1950களில் உலகம் முழுவதும் கார் செய்யும் முறை மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் மாட்டுவண்டியில் போல அடியில் ஒரு சட்டம், மேலே ஒரு கூடு. சட்டம் பாரத்தைத் தாங்கும். கூடு வெயிலையும் மழையையும் தாங்கும். புதிய முறையில் சட்டம் என்று தனியாக ஒன்று இல்லை. தகரக் கூட்டையே பெட்டிபோல் மடித்து, பற்றவைத்து, அதுவே பாரத்தைத் தாங்கும்படி செய்துவிட்டார்கள். நண்டின் ஓடுபோல. நம் அம்பாசடரும் ஃபியட் 1100-உம் அப்படிப்பட்டவை. ஸ்டாண்டர்டு கம்பெனியும் அப்படித்தான் செய்ய விரும்பியிருக்கும். ஆனால் அதற்குக் கூடு செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்தை அதன் போட்டியாளரான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. முழுக்கூட்டையும் ஒரே இடத்தில் அழுத்தித் தர வேறு ஆள் இல்லை. எனவே பழைய முறைக்கே திரும்பினார்கள். அடியில் தனிச் சட்டம்; மேலே சிறுசிறு துண்டுகளாக வெவ்வேறு ஊர்ப் பட்டறைகளில் செய்து வாங்கி, ஆணி போட்டு முடுக்கிய கூடு. வடிவம் தந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி. முன்பக்கம் முழுவதும், மட்கார்டும் விளக்கும் சேர்ந்து, ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழும். திறந்தால் இஞ்சினும் முன் சக்கரங்களும் கண்ணெதிரே நிற்கும். வண்டி 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும்.

ஏழ்மையால் கைக்கொண்ட முறை என்று அன்று இங்கிலாந்தில் அதைக் கருதியவர்கள் உண்டு. ஆனால் அந்த ஏழ்மை நமக்கு வாய்ப்பாக அமைந்தது. ஒரே அச்சில் முழுக்கூட்டை அழுத்தும் தொழிற்சாலையில் கூட்டின் வடிவத்தை மாற்றுவது பெருஞ்செலவு. துண்டுகளாக முடுக்கிய கூட்டில் ஒரு துண்டை மாற்றிப் பார்க்கலாம். இங்கிலாந்தின் ஹெரால்டு கடைசிவரை இரண்டு கதவு வண்டிதான். பின்னிருக்கைக்குப் போக முன்னிருக்கையை மடக்கிக் குனிந்து நுழைய வேண்டும். கணவனும் மனைவியும் மட்டும் போகும் நாட்டில் அது போதும். பாட்டியும் அத்தையும் கைக்குழந்தையும் கோவிலுக்குப் போகும் நாட்டில் போதாது. 1968-இல் பெருங்களத்தூர் தொழிற்சாலை ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தது. முன்கதவுகளைக் குறுக்கி, இடையில் ஒரு தூணை நிறுத்தி, பின்னால் இரண்டு கதவுகளைப் புதிதாகச் செய்தார்கள். உலகில் வேறெங்கும் இந்த உடல் இல்லை. கவென்ட்ரியில் அதற்கு வரைபடம் இல்லை, அச்சும் இல்லை. மிக்கெலோட்டி வரைந்த காரும் அதுவல்ல. சென்னைக்குத் தெற்கே, இந்தச் சாலையோரத்தில், நம் குடும்ப வழக்கத்தை அளவுகோலாக வைத்துத் தகரத்தில் வெட்டப்பட்ட ஒன்று அது.

மூன்றே ஆண்டுகள். 1971-உடன் ஹெரால்டு இங்கே முடிந்தது. இங்கிலாந்திலும் அதே ஆண்டில்தான் முடிந்தது. 1972-இல் அதே அடித்தளத்தில், முகத்தை மாற்றி, பின்னச்சையும் மாற்றி, கஸல் என்ற காரைக் கொண்டுவந்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் தனியாக அசையும் ஹெரால்டின் பின்சக்கர அமைப்பு நம் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்காததே அதற்குக் காரணம் என்பார்கள். கஸல் குறைந்த எண்ணிக்கையில் 1977 வரை வந்தது. பிறகு 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார். அது 1988-இல் நின்றது. அத்துடன் தொழிற்சாலையும் ஓய்ந்தது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன.

இப்போது கொட்டகைக்கு வருவோம். பட்டறைக்காரரின் அளவுகோலை இந்த வண்டியின்மேல் வைத்துப் பார்த்தால் என்ன நடக்கிறது? ஹெரால்டின் 948 சி.சி. இஞ்சின் இங்கிலாந்து வடிவம். அதன் பிஸ்டனும் கேஸ்கட்டும் அங்கே இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. பழைய டிரையம்ப் கார்களைப் பேணும் சங்கங்கள் அந்நாட்டில் வலுவானவை. அடிச்சட்டத்தின் பக்கக் கைகளையும் புதிதாகவே வாங்கலாம். பானெட், முன் தகரம், எல்லாம் தேடினால் கிடைக்கும். கிடைக்காதவை இரண்டு பின்கதவுகள், ஒரு நடுத்தூண், குறுகிய முன்கதவு. அதாவது எவை சென்னையில் பிறந்தனவோ அவை மட்டும். புதுப்பேட்டையின் பழைய உதிரிக் கடைகளைத் தவிர அவற்றுக்கு உலகில் வேறு சந்தை இல்லை. அங்கும் அவை வருவது அரிது. மதிப்புடையது என்று பட்டறை சொல்லும் இஞ்சினைக் கப்பலில் வரவழைக்கலாம். மதிப்பற்றது என்று அது தள்ளும் தகரத்தை எங்கிருந்தும் வரவழைக்க முடியாது.

ஆனாலும் துரு துருதான். வரலாற்று மதிப்பு இருக்கிறது என்பதற்காகச் சல்லடையைக் கார் என்று சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய முறை ஒன்று உண்டு, அதை அனுபவமுள்ள ஒரு டிங்கர் நமக்குக் காட்டினார். முதலில் காந்தம். ஒரு துணியில் காந்தத்தைச் சுற்றித் தகரத்தின்மேல் நகர்த்திக்கொண்டே போனால், பட்டி அப்பிய இடத்தில் பிடி விட்டுப்போகும். அழகான வண்ணப்பூச்சின் கீழ் தகரமே இல்லாத இடங்களை அது காட்டிக்கொடுக்கும். அடுத்தது திருப்புளி. ஓட்டைகளைத் தேடக் கூடாது, உப்பலைத் தேட வேண்டும் என்றார். இரும்பு துருவாகும்போது பருத்துவிடும். இரண்டு தகரங்கள் சேரும் விளிம்பில் நீர் தேங்கித் துரு வளர்ந்தால் அது உள்ளிருந்து ஆப்புபோல் தகரத்தைப் பிளக்கும். அந்த உப்பலில் திருப்புளியை அழுத்தினால் உள்ளே போகும். மேல்பரப்பில் செம்பொடியாக உதிரும் துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். தேய்த்தால் கீழே திடமான தகரம் இருக்கும். மூன்றாவது கதவு. கதவைத் திறந்து மூடினால் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா? மேலே குறுகிக் கீழே அகன்றால் கூடு நடுவில் தொய்ந்திருக்கிறது. கூட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் முடுக்கிடங்கள் போயிருக்கலாம்.

அம்பாசடரில் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்புப் பெட்டி துருவேறிவிட்டால் அது முதுகெலும்பு போனதுபோல, வண்டியே மடியும். ஹெரால்டில் அவ்விடத்தில் இருப்பது முடுக்கிய வெறும் மூடி. கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை மடித்துக்கொள்ளலாம். பார்க்க அச்சமூட்டும் ஹெரால்டு பெரும்பாலும் பார்ப்பதைவிட நன்றாகவே இருக்கும். ஊரும் பார்க்க வேண்டியது. மரக்காணத்து உப்பளக் காற்றில் நின்ற வண்டியும் செஞ்சிப் பக்கத்து வறண்ட காற்றில் நின்ற வண்டியும் ஒன்றல்ல. உப்பு, ஈரத்தைத் துருவுக்கு ஏற்ற ஊடகமாக்கிவிடும். நாம் பார்த்த வண்டி உள்நாட்டில் நின்றது. வெள்ளநீர் மழைநீர்; உப்பில்லை. தரைத் தகரம் முழுவதும் போயிருந்தது, டிக்கியின் அடி போயிருந்தது. ஆனால் பின்கதவுகள் இரண்டும், நடுத்தூணும், கூரையும் நின்றன. கொட்டகை ஓடு அவற்றை அதுவரை காத்திருக்கிறது.

அப்படியானால் புதுப்பித்துவிடலாம் என்று அக்குடும்பத்தாரில் இளையவர் ஒருவர் உற்சாகமானார். அங்கேதான் அடுத்த சிக்கல். புதுப்பித்தல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பழையதை அழித்துப் புதியது செய்வதுதான். தகரத்தில் பாதியை வெட்டி, முப்பது கிலோ பட்டி அப்பி, ஷோரூம் சிவப்பில் மின்ன வைத்தால் பார்ப்பவர் மகிழ்வர். பெருங்களத்தூர்த் தொழிலாளி பின்கதவின் உள்மடிப்பை எப்படிச் செய்தார் என்ற சாட்சியம் அத்துடன் போயிற்று. பழங்கார் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் டூரினில் ஏற்ற சாசனம் இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. உள்ளதை உள்ளபடி காப்பது முதற்கடமை; கெடுவதைத் தடுப்பது அடுத்தது; இழந்ததைத் திரும்பச் செய்வது கடைசி வழி, அதையும் அடையாளம் தெரியும்படி செய்ய வேண்டும்.

இதன் எல்லைவரை போன ஒரு கார் உண்டு. சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவில், சுங்கவரி கட்டப்படாத 1925-ஆம் ஆண்டு புகாட்டி ஒன்றை 1930களில் மாஜோரே ஏரிக்குள் சங்கிலியில் இறக்கிவிட்டார்கள். சங்கிலி அறுந்து அது 50 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் கிடந்தது. 2009 ஜூலையில் வெளியே எடுத்தார்கள். ஒரு பக்கம் முழுதும் அரித்து, எலும்புக்கூடாக. 2010-இல் பாரீஸ் ஏலத்தில் அது 2,60,500 யூரோவுக்குப் போனது. வாங்கிய அமெரிக்கர் பீட்டர் முலின் அதைத் தொடவே இல்லை. 2024-இல் மூடப்படும் முன் பல ஆண்டுகள், கலிபோர்னியாவில் அவருடைய அருங்காட்சியகத்தில், துருவோடும் சேற்றுக் கறையோடும் அது காட்சியில் இருந்தது. புகாட்டிக்கு அது தகும். எட்டு ஊர் பெயர் போன வண்டி. புதியதுபோன்ற உடன்பிறப்புகள் வேறு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. இந்தத் துருவைப் பார்ப்பவர் அந்த மெருகையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். நான்கு கதவு ஹெரால்டை அப்படியே துருவோடு நிறுத்தினால் பார்ப்பவருக்குத் துரு மட்டுமே தெரியும். நமக்குத் தேவை இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி.

விழுப்புரம் மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி புதிதல்ல என்பது அன்று திரும்பி வரும்போது தோன்றியது. செஞ்சிச் சாலையில் மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று ஏழாம் நூற்றாண்டில் அந்த மன்னன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அழியும் பொருள்களின் பட்டியலாகவே அதை நாம் படிக்கிறோம். இரும்பு அப்பட்டியலில் தப்பவில்லை. அதே மாவட்டத்தின் மேல்மலையனூரில் நேர்மாறான வழக்கம். அங்காளம்மனுக்கு ஆண்டுதோறும் புது மரத்தில் புதுத் தேர் செய்கிறார்கள். மரம் அழியட்டும், தச்சனின் கையில் தேர் இருக்கிறது, அடுத்த மாசியில் மீண்டும் வரும். ஒருவர் பொருளை நம்பினார், மற்றவர் கையை நம்பினார். நம் ஹெரால்டுக்குக் கல்லின் உறுதி இல்லை. தச்சனின் தொடர்ச்சியும் இல்லை. அந்தக் கதவைச் செய்த பட்டறை மூடி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. கதவே மிஞ்சியிருக்கும் ஒரே அச்சு.

ஆகவே நம் தீர்ப்பு வண்டிக்கு வண்டி மாறும். இரண்டு கதவு ஹெரால்டின் கூடு சல்லடையாகிவிட்டால் வருந்தாமல் பிரித்துவிடலாம்; அதன் பாகங்கள் இன்னொன்றை வாழ வைக்கும். நான்கு கதவு என்றால், ஓட்டும் நிலைக்குக் கொண்டுவரப் பணம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியையே முதலில் எழுப்பக் கூடாது. அது ஓட வேண்டிய அவசியம் இல்லை. வெட்டப்படாமல் இருந்தால் போதும். தரையும் டிக்கி அடியும் புதுத் தகரத்தில் செய்துகொள்ளலாம். கதவுகளையும் தூணையும் பிரித்துத் துருவைத் தேய்த்து, எண்ணெயிட்டு, பட்டி வைக்காமல் விட வேண்டும். கழற்றும் முன் கதவு வாயில்களில் குறுக்குக் கம்பி பற்றவைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் கூடு சட்டத்தை விட்டு எழும்போது வடிவம் கோணிவிடும். ஒவ்வொரு மடிப்பையும் அட்டையில் வெட்டி அளவெடுத்து வைத்தால், அந்த அட்டைகள் நாளை இன்னொரு ஹெரால்டின் கதவாகும்.

இளையவர் சட்டம் கேட்டார். 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த, சொந்த உபயோகத்துக்கான வண்டி பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெறலாம். எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், பழுது பார்த்தல் போன்றவற்றுக்கு ஓட்டலாம். இங்கே செய்யப்பட்ட ஹெரால்டு அத்தனையும் இன்று அந்த வயதைத் தாண்டியவை. ஆனால் ஒரு நிபந்தனையை அவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. சேசிஸ், கூடு, இஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்திருக்கக் கூடாது. மின்னும் சிவப்புக்காகக் கூட்டை வெட்டி மாற்றியவர்களைவிட, துருவோடு விட்டவர்கள் சட்டத்தின் பார்வையிலும் முன்னால் நிற்கிறார்கள்.

பெரியவர் எடைக்கு விற்கவில்லை. செலவு செய்யவும் இப்போது வழியில்லை என்றார், அதில் தவறில்லை. காத்திருக்கலாம், ஆனால் எவ்வளவு நாள் என்பதைத் தகரம் தீர்மானிக்காது. வாயு வெல்டிங்கில் மெல்லிய தகரத்தைச் சுருங்காமல் சேர்த்து, மரச் சுத்தியால் தட்டி மடிப்பெடுக்கத் தெரிந்தவர்கள் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். நமக்குக் காந்தம் காட்டியவரின் பட்டறையில் இன்று நடப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பம்பர் மாற்றும் வேலை. அவருடைய மகன் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வண்டியை நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி இரண்டடி உயர்த்தி, கண்ணாடிகளை இறக்கி, காற்றோட்டமாக நிறுத்தும்படி சொன்னவர் அவர்தான். தார்ப்பாய் மூடக் கூடாதாம், உள்ளே வியர்க்கும்.